நான் போடச் சொன்ன கையெழுத்து

போன வாரம் தபால்காரர் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டு, "இன்னாம்மா, உன் பொண்ணு ஜப்பான்லேர்ந்து கல்லு அனுப்பி வெச்சிருக்குதா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல் இல்லை, புத்தகம். என் மகள் எஸ்தர் அங்கே குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஓர் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே புத்தகம் வைக்க இடமில்லை. கப்பலில் போட்டால் செலவு குறைவு என்று எப்போதோ போட்டது, இப்போதுதான் மீஞ்சூர் வந்து சேர்ந்தது.

காய் நறுக்கும் கத்தியால் டேப்பைக் கீறிவிட்டு, ஜப்பான் வாசனை எப்படி இருக்கும் பார்ப்போம் என்று மூக்கை உள்ளே விட்டேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஜப்பானும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டி வாசனை. நனைந்து காய்ந்த வைக்கோலில் பசையைத் தடவி வைத்தது போல ஒரு வாசனை. அது எனக்குத் தெரியாத வாசனையா? பதினொரு வருஷம் என் சேலை, என் தலைமுடி, என் சோற்று டப்பா எல்லாம் அந்த வாசனைதான் அடித்தது. புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கம் எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பழக்கம் போகாது. ஒழுங்காகத்தான் மடித்திருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சுவிட்சுப் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருந்தேன். தட்டையாக வரும் அட்டையை விரித்து, அடியை மடித்து, டேப் ஒட்டி, ஐம்பது சுவிட்சுப் பெட்டி அடுக்கி, மேலே மூடி டேப் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதுதான். மீஞ்சூரில் காலை லோக்கல் ரயிலைப் பிடித்தால் கும்மிடிப்பூண்டியில் இறங்கி நடந்துபோய்ச் சேரச் சரியாக இருக்கும். கம்பெனியில் இருந்தேன் என்று வாய்க்குச் சுலபமாகச் சொல்கிறேனே தவிர, நான் கம்பெனி ஆள் கிடையாது. காண்ட்ராக்ட் ஆள். கம்பெனி ஆளுக்கு நீலச் சட்டை, பஸ், கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட நாற்காலி. எங்களுக்கு சேலைக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு பழுப்புக் கோட்டு. சாப்பிடுவது ஸ்டோர் பக்கத்தில், அட்டையை விரித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து.

பிரேக் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டீ குடிக்க விடுகிற பிரேக் இல்லை. ஒரே இடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்டால் அந்த ஆளுக்குச் சட்டத்தில் ஏதோ பிடிமானம் வந்துவிடுமாம், சும்மா போ என்று அனுப்ப முடியாதாம். அதனால் அந்த நாள் நிரம்புவதற்கு முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு ஆள் சேர்த்துவிடுகிற மேஸ்திரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளோடு வருவார். "யக்கா, நாளைலேர்ந்து உனுக்கு பிரேக்கு. இதுல ஒரு கையெழுத்து போடு." சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு நிற்கிறேன், எனக்குக் கம்பெனியிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தமிழில்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதைப் படிக்கப் போதும். என்ன சொந்தக் காரணம் என்று கேட்க வாய் வரும். ஆனால் வெளியே வராது. நான் யாரிடமும் நிமிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரத்தோடு கேட்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இருபது, இருபத்தைந்து நாள் வீட்டில் கிடப்போம். பிறகு, லோக்கலில் வருகிற யாரிடமாவது மேஸ்திரி சொல்லி அனுப்புவார், "வரச் சொல்லு." போனால் புது டோக்கன், புது நம்பர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள். பிரேக்குக்கு முன்னால் மடித்த அதே அட்டை. ஒரு தடவை என் பேரில் சேர்க்க முடியாது, ஆபீசில் கேட்கிறார்கள் என்று என் நாத்தனார் ரோசி பேரில் சேர்த்துவிட்டார். "ரோசி, ரோசி" என்று சூப்பர்வைசர் கத்துவார், நான் பாட்டுக்கு அட்டை மடித்துக்கொண்டிருப்பேன். இந்தம்மாவுக்குக் காது மந்தம், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று சீட்டே எழுதிக் கொடுத்துவிட்டார். ரோசிக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டே கம்பெனி வேலை பார்க்கிறாள் அல்லவா? "அண்ணி, எம்பேர கெடுத்துடாத. லேட்டா கீட்டா பூடாத" என்று தினம் எனக்குப் புத்தி சொல்லுவாள்.

சிரித்தாகிவிட்டது. இப்போது மல்லிகாவைச் சொல்ல வேண்டும். அவள் எனக்குப் பக்கத்தில் டேப் ஒட்டினவள். கவரைப்பேட்டைக்காரி, கத்திரிக்கோல் மாதிரி வாய். அவள் முறை வந்தபோது மேஸ்திரி நீட்டின தாளைப் படித்துவிட்டு, "எனுக்கு ஒரு சொந்தக் காரணமும் இல்லியே மேஸ்திரி. காரணம் உனுக்குத்தான கீது? நீயே போட்டுக்கோ கையெழுத்து" என்றாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார். "சரிம்மா, போடாத" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கேட்டில் அவள் டோக்கன் இல்லை. மூன்று நாள் சோற்று டப்பாவோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனோம். இருபத்தைந்து நாள் ஆயிற்று, அறுபது நாள் ஆயிற்று, அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் வேறு மேஸ்திரிகள்கூட எடுக்கவில்லை. அப்புறம் ரயிலில் பெண்கள் பெட்டியில் அவளைப் பார்த்தால் நான் நகர்ந்து மறு வாசல் பக்கம் போய் நின்றுகொள்வேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பேசிக்கொண்டிருந்ததை யாராவது போய் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால்?

கையெழுத்துப் போட்டால் கூப்பிடுவார்கள், போடாவிட்டால் கூப்பிட மாட்டார்கள். பதினொரு வருஷத்தில் நான் படித்த படிப்பு இவ்வளவுதான்.

எஸ்தர் ஒன்பதாவது படிக்கும்போது அவள் அப்பா இறந்துவிட்டார். அவள் மட்டும் நிற்காமல் படித்தாள். இங்கிலீஷில் எம்.ஏ. வாங்கி, திருவள்ளூர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிக்கொண்டார்கள், ஓடிவிடக் கூடாதாம். லீவு மாதத்தில் பாதிச் சம்பளம். காலேஜில் சேரப் பிள்ளை பிடிக்க ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்க அனுப்பினார்கள், இங்கிலீஷ் டீச்சரை. அங்கிருந்து தப்பித்து, ஜப்பான் அரசாங்கமே படிக்கப் பணம் கொடுக்கிற ஏதோ பரீட்சை எழுதி, அங்கே படிக்கப் போனாள். டாக்டர் பட்டம் வாங்கினாள். யுனிவர்சிட்டியில் வேலை கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று நான் தெருவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். சர்ச்சில் என்னை முன் வரிசைக்குக் கூப்பிட்டார்கள். கூச்சத்தில் பின் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன். "புரொபசரம்மா, புது மைக் செட்டுக்கு நீங்கதான் பாத்து செய்யணும்" என்றார் சர்ச் செயலாளர். அவள் புரொபசர் இல்லை என்று எனக்கே அப்போது தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அவளாகச் சொல்ல மாட்டாள். நான் சும்மா கேட்பேன். "உனுக்கு தனி ரூம் குடுத்துக்கிறாங்களா?" "இல்லம்மா. எங்களுக்கெல்லாம் சேத்து ஒரு பெரிய டேபிள் இருக்கும். எவங்க வரலியோ அவங்க இடத்துல குந்திப்பேன்." "மத்தியானம் எங்க சாப்புடுவ?" "ஸ்டேஷன்ல பெஞ்சு இருக்குதும்மா." ஏன் ஸ்டேஷன் என்றால், திங்கட்கிழமை ஒரு யுனிவர்சிட்டி, செவ்வாய்க்கிழமை வேறு ஊரில் இன்னொன்று, மொத்தம் நான்கு. ஒரே நாளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ரயிலில் ஓட வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்பு, ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். அதற்குத் தயார் செய்வதற்குக் கிடையாது. இருநூறு பிள்ளைகளின் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துவதற்குக் கிடையாது. இந்தப் பெட்டியில் புத்தகத்துக்கு நடுவே இடைவெளியில் திணித்திருந்த தாள்களைப் போன வாரம் பிரித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பென்சிலில் எழுதியது, மேலே அவள் சிவப்பு மை. ஒவ்வொரு தாளிலும் பிள்ளை எழுதியதைவிட அவள் எழுதியது அதிகம். உடம்புக்கு வந்தால் செலவு அவளுடையது. இரண்டு இடத்தில் லீவு விட்டால் சம்பளமும் லீவு. இவளைப் போலவே வகுப்பெடுத்து, தனி அறையில் உட்கார்ந்து, வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்கி, போனஸும் வாங்குகிறவர்கள் அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கிறார்களாம். வருஷக் கடைசியில் பிள்ளைகள் டீச்சருக்கு மார்க் போடுகிற வழக்கம் வேறு. ஒரு பிள்ளை, அடுத்த வருஷம் உண்மையான இங்கிலீஷ்காரர் வேண்டும் என்று எழுதியிருந்ததாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு நாள் எனக்குத் திடீரென்று தோன்றிக் கேட்டுவிட்டேன். "ஏம்மா எஸ்தர், நீ கம்பெனி ஆளா, காண்ட்ராக்டா?"

சிரித்தாள். "காண்ட்ராக்ட்தாம்மா. வருஷா வருஷம் புதுசா எழுதுவாங்க."

நான் அட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் இவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் எதிலும் மனது போகவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து, வாசலில் கட்டின ஸ்டாரை இன்னும் கழற்றவில்லை, அப்போது ஒரு சாயங்காலம் போன் வந்தது. நான்கு யுனிவர்சிட்டியில் பெரியது ஒன்று, அவளுக்குப் பாதி வகுப்புக்கு மேல் கொடுப்பது அதுதான். அங்கே ஐந்தாம் வருஷத்துக்கான ஒப்பந்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் புதிதாக ஒரு வரி. இதுவே கடைசி, இதற்கு மேல் புதுப்பிக்கப்படாது என்பதற்கு நான் சம்மதிக்கிறேன் என்று. அந்த நாட்டில் ஐந்து வருஷம் தாண்டின ஆள் எழுதிக் கேட்டால், வருஷக் கெடு இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமாம். தாண்டவிடாமல் இருக்கத்தான் அந்த வரி. ஆபீஸ் பெண் எழுந்து நின்று குனிந்து வணங்கி, ஆறு மாதம் இடைவெளி விட்டுவிட்டு நீங்கள் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதம் விட்டால் ஐந்து வருஷக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுமாம். இவளோடு வேலை பார்க்கிற அயர்லாந்துக்காரர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். யூனியன் இருக்கிறது, நீயும் வா, போடாதே என்று இவளையும் கூப்பிட்டிருக்கிறார்.

"நாளைக்கு குடுக்கணும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ இன்னா சொல்ற? போடட்டுமா?"

ஐந்து மொழி தெரிந்த பெண், டாக்டர் பட்டம் வாங்கின பெண், என்னிடம் கேட்கிறாள். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அட, இது பிரேக்குடி!" என்றேன். "இதுக்கா பேஜாராவுற? நான் எத்தினி பிரேக்கு பாத்துக்கிறேன். போட்டுடு கண்ணு. போட்டவங்கள கூப்புடுவாங்க. வம்பு பண்ணிக்கினு நிக்கறவங்களத்தான் கூப்புட மாட்டாங்க. மல்லிகா இன்னா ஆனா? அந்த வெள்ளக்காரர் பேச்ச கேட்டு நீ கேட்டுக்கு வெளிய நிக்காத."

"இது யுனிவர்சிட்டிம்மா. சிப்காட் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்டி. எனுக்குத் தெரியும்."

யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள், அன்றைக்குப் பேசினேன். மறுநாள் போட்டுவிட்டாள். போட்ட தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அழகான கையெழுத்து.

அந்த வருஷம் ஓடிற்று. கடைசி வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் பேர் எழுதி ஒரு அட்டை கொடுத்தார்களாம். அப்புறம் ஆறு மாதம். எங்களுக்கு இருபத்தைந்து நாள், பெரிய இடம் அல்லவா, அதனால் பெரிய பிரேக் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். போன் பண்ணும்போதெல்லாம், "சொல்லி அனுப்புவாங்க பாரு" என்பேன். அவளும் "ஆமாம்மா" என்பாள். ஆறு மாதம் முடிந்து விண்ணப்பித்தாள். இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த வகுப்புகளை ஆள் அனுப்புகிற ஒரு கம்பெனியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்களாம். வாத்தியார் வேலைக்கும் மேஸ்திரி வந்துவிட்டார்.

அயர்லாந்துக்காரர் அங்கேயேதான் இருக்கிறார். வரியை அடித்த தாளை வைத்துக்கொண்டு யூனியன்காரர்கள் போய் உட்கார்ந்து பேசினார்களாம், யுனிவர்சிட்டிக்காரர்கள் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரி இல்லாமலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் தாண்டியதும் எழுதிக் கேட்டார். அதே வகுப்பு, அதே சம்பளம், ஒரு காசு கூடவில்லை. ஆனால் இனிமேல் சும்மா போ என்று அனுப்ப முடியாது. மல்லிகா சொன்ன அதே பேச்சுத்தான் அவரும் சொன்னது. அவளுக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்கவில்லை, அவருக்குப் பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

எஸ்தரும் பிறகு யூனியனுக்குப் போயிருக்கிறாள். நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள். பின்னே ஏன் போட்டீர்கள்?

"எங்கம்மா சொன்னாங்கன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எனக்கே தோணிச்சின்னு சொன்னேன்."

திட்டியிருக்கலாம். உனக்கு என்ன தெரியும், அட்டை மடிக்கிறவளுக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மீதி மூன்று இடத்து வகுப்புகளில் வாடகைக்கும் விசாவுக்கும் கட்டி வராமல், இப்போது சாயங்காலத்தில் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்திருக்கிறாள். அங்கே டீச்சர் தலையில் முயல் காது மாட்டிக்கொள்ள வேண்டுமாம். டாக்டர் பட்டத்தின் மேல் முயல் காதை மாட்டிக்கொண்டு ஏ ஃபார் ஆப்பிள் பாடிக்கொண்டிருக்கிறாள்.

எங்களை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். கையெழுத்துப் போட்ட நல்ல பிள்ளைகள் என்றா? அந்தச் சம்பளத்துக்கு அந்த வேகத்தில் மடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிடைத்ததும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கினால் ஒடியாவும் இந்தியும்தான் காதில் விழுகிறது. தகர ஷெட்டில் பன்னிரண்டு பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு கூட்டம் போனால் வேறு கூட்டம் வருகிறது. யாருக்கும் பிரேக் கிடையாது, பிரேக் என்றால் திரும்பி வர வேண்டுமே. பாவம், அதுகளிடமும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்கள். லோக்கலில் சொல்லி அனுப்புகிற அந்த ஒரு வார்த்தை, "வரச் சொல்லு", அது இப்போது எந்த ரயிலிலும் வருவதில்லை.

எஸ்தர் வாரா வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். முன்பெல்லாம் அரிசி எந்தக் கடையில் வாங்கட்டும், இந்தக் குளிருக்கு இரண்டு சட்டை போடட்டுமா, தலைவலிக்கு மாத்திரை போடட்டுமா என்று ஜப்பானில் நடக்கிறதையெல்லாம் மீஞ்சூரில் கேட்டுத்தான் செய்வாள். எனக்கு என்ன தெரியும், இருந்தாலும் ஏதாவது சொல்லுவேன். இப்போது எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாள். பல் பிடுங்கியாச்சும்மா. ஊடு மாத்திட்டேம்மா. பெட்டி அனுப்பிட்டேம்மா, வந்தா வாங்கி வை. குரலில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்தால்கூட நான் ஏதாவது பேசலாம்.

கேள்வி என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் வைத்திருக்கிறாள். பத்து நிமிஷம் ஆனதும், "சரிம்மா, வெச்சிடட்டுமா?" என்பாள்.

"வெச்சிடு கண்ணு" என்பேன்.